ஓர் எழுத்தும் ஒரு பெருவிரலும்

பென்னாகரத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "தகடூர், அதாவது இன்றைய தருமபுரிப் பகுதியை ஆண்ட ஒரு குறுநிலத் தலைவனையும் அவன் மனைவியையும் வைத்து வரலாற்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருவருமே பேராசைக்காரர்கள், ஈவிரக்கம் இல்லாதவர்கள். மனைவி தூண்ட, கணவன் கொலை மேல் கொலை செய்து மேலே வருகிறான். கடைசியில் குற்ற உணர்வே இருவரையும் தின்றுவிடுகிறது. எந்த நூற்றாண்டில் வைத்தால் பொருந்தும்? இந்த அமைப்பு நிற்குமா?"

நூற்றாண்டைப் பிறகு பார்ப்போம். அமைப்பு நிற்காது. "மனைவி தூண்ட" என்கிற இரண்டு சொல்லிலேயே உங்கள் நாவல் படுத்துவிட்டது.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல. கிருஷ்ணகிரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திர எழுத்தராக உட்கார்ந்திருந்தவன். வார நாட்களில் பத்திரம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நடுகல் தேடப் போய்விடுவேன். அதனால் கல்வெட்டையும் பத்திரத்தைப் போலவே படிக்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், எதற்குப் பிரதியாக, சாட்சி யார் என்றுதான் முதலில் கண் போகும். உங்கள் கேள்விக்கும் அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்ல முடியும்.

முதலில் புணேவுக்குப் போய்விட்டு வருவோம். இந்திய வரலாற்றில் நீங்கள் தேடும் தம்பதி என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் ரகுநாதராவும் ஆனந்திபாயும்தான். 1772 நவம்பரில், மராத்திய அரசை நடத்திவந்த தலைமை அமைச்சரான பேஷ்வா மாதவராவ் நோயில் இறந்தார். அவருடைய தம்பி நாராயணராவ் பதவிக்கு வந்தபோது வயது பதினேழு. சிற்றப்பா ரகுநாதராவுக்கு அந்த நாற்காலியின் மேல் பல ஆண்டுகளாகவே கண். அவரைச் சனிவார்வாடா அரண்மனைக்குள்ளேயே காவலில் வைத்திருந்தார்கள். 1773 ஆகஸ்ட் 30 அன்று, கணபதி விழா நாட்களில், கார்தி என்னும் கூலிப்படைக் காவலர்கள் வாளோடு உள்ளே புகுந்தார்கள். பையன் அறை அறையாக ஓடி, கடைசியில் சிற்றப்பாவையே கட்டிக்கொண்டான். அங்கேயே வெட்டிப் போட்டார்கள். "காகா, மலா வாச்வா" (சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்) என்ற குரல் இன்றும் இரவில் அங்கே கேட்பதாக ஊரில் சொல்வார்கள்.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய இடம். ரகுநாதராவ் அனுப்பிய ஓலையில் "தராவே" என்று இருந்ததாம். பிடிக்க வேண்டும் என்று பொருள். அது ஆனந்திபாயின் கைக்கு வந்து போனபோது முதல் எழுத்து மாறி "மாராவே" ஆகிவிட்டதாம். கொல்ல வேண்டும் என்று பொருள். ஒரே ஓர் எழுத்து. மராத்தியில் இது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. ஒருவர் சொன்னதை இடையில் இருப்பவர் திரித்துவிட்டால் 'த'வை 'மா' ஆக்கிவிட்டார் என்பார்கள்.

இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையை விட்டுவிட்டு நடந்ததைப் பாருங்கள். கொலைக்குப் பின் பேஷ்வா ஆனது யார்? ரகுநாதராவ். விசாரித்த நீதிபதி ராம் சாஸ்திரி யாரைக் குற்றவாளி என்றார்? ரகுநாதராவை. நாராயணராவின் விதவை கங்காபாய்க்கு 1774 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறக்க, நானா பட்னாவிஸ் முதலியோர் அந்தக் கைக்குழந்தையைப் பேஷ்வா ஆக்கினார்கள். அப்போது ஆங்கிலேயரிடம் ஓடி, 1775இல் சூரத்தில் ஒப்பந்தம் எழுதி, சால்செட்டையும் வசாயையும் தருகிறேன் என்று சொல்லி, முதல் ஆங்கில-மராத்தியப் போரை வீட்டு வாசலுக்கே இழுத்து வந்தது யார்? அவரேதான். இவ்வளவு செய்த மனிதருக்கு ஊர் கொடுத்த பட்டம் 'மனைவி பேச்சைக் கேட்டுக் கெட்டவர்'. ஓர் எழுத்தைத் திருத்தியதாகச் சொல்லப்படும் பெண் இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள்.

(நானா பட்னாவிஸ் கூட்டத்துக்குப் பார்பாய் என்று பெயர், பன்னிரண்டு பேர் என்ற கணக்கில். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையின் பழைய பெயரான பாரமகாலிலும் இருப்பது அதே 'பாரா'தான், பன்னிரண்டு கோட்டைகள். ஒரு சொல் எங்கெல்லாம் ஊர் சுற்றுகிறது பாருங்கள்.)

ஆனந்திபாய் ஒன்றும் அறியாதவள் என்று வாதாட வரவில்லை. அவளும் சரிசமமான ஆள்தான் என்பதே என் எண்ணம். கணவன் தோற்று ஓடிக்கொண்டிருக்கும்போது தார் கோட்டையில் ஒதுங்கி, 1775 ஜனவரியில் பிள்ளை பெற்றவள். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவ். அப்படிப்பட்டவளைத் 'தூண்டியவள்' என்று ஒரே சொல்லில் அடக்குவது அவளையும் சிறுமைப்படுத்துகிறது, அவனையும் தப்பவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து நடத்திய தொழிலில் ஒருவரை முதலாளி என்றும் மற்றவரைக் கூலியாள் என்றும் பிரித்துவிட்டால் பிறகு நாவலுக்கு என்ன மிச்சம்?

சேர்ந்து நடத்தும் தொழில் என்றேன். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், என் மேசையிலேயே.

பல ஆண்டுகளுக்கு முன், மாங்காய்ப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கூடவே கணவனின் தங்கை, புருஷனை இழந்தவள். அப்பா வைத்துவிட்டுப் போன மாந்தோப்பில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து அவள் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பிரதிபலன் என்று எழுதச் சொன்ன தொகை அந்தத் தோப்பின் ஒரு பருவத்துக் காய்க்குக்கூடக் காணாது. நான் அந்தத் தங்கையைப் பார்த்து, "அம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?" என்றேன். "அண்ணிக்குத் தெரியும்" என்றாள்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த அண்ணி நாத்தனாரின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலை மையில் ஒற்றி, பத்திரத்தின் ஒவ்வொரு தாளிலும் உருட்டினாள். குழந்தைக்கு மருதாணி இடுவது போல அவ்வளவு பதமாக. முடிந்ததும் தன் புடவைத் தலைப்பாலேயே விரலைத் துடைத்துவிட்டாள். நல்ல புடவை, கறை போயிருக்காது. வெளியே அண்ணன் மூன்று இளநீர் வெட்டச் சொன்னான். முதல் இளநீரைத் தங்கையிடம் நீட்டினான்.

இதில் யார் யாரைத் தூண்டியது என்று சொல்லுங்கள் பார்ப்போம். முந்தின இரவு அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு வேண்டியதே இல்லை. அந்த விரல், அந்தத் தலைப்பு, அந்த இளநீர் போதும். அவன் செய்ய முடியாததை அவள் செய்தாள், அவள் வாங்கிக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்பதை அவன் வாங்கிக் கொடுத்தான். சொல்லி வைத்துச் செய்தார்களா என்றால், அதுவும் இருக்காது. பதினைந்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எனக்கும் அதில் பங்கு உண்டு. எழுத்துக் கூலி வாங்கிக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் நாவலை யார் வாயால் சொல்வது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. தலைவனும் வேண்டாம், தலைவியும் வேண்டாம். அவர்களுக்கு ஓலை எழுதும் கணக்கனைச் சொல்ல வையுங்கள். எல்லாம் தெரிந்தவன், எதையும் தடுக்காதவன், கூலி வாங்கியவன்.

இப்போது காலம்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் காலத்தைத் தொடாதீர்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கையில் கத்தியைப் பார்க்க நம் வாசகர்களுக்கு மனம் வராது. தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்த முடிவும் எல்லாருக்கும் தெரிந்தது. நுளம்பர் ஆண்ட ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு நல்ல களம்தான். ஆனால் கன்னடக் கல்வெட்டுகளை நேரடியாகப் படிக்கத் தெரியாமல் இறங்கினால் மூழ்கிவிடுவீர்கள். ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் பாரமகால் வேண்டாம். 1792இல் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து எழுதித் தள்ளிவிட்டார்கள். கற்பனைக்கு இடுக்கே இல்லை.

1200ஐ ஒட்டிய காலத்தை எடுங்கள். மூன்றாம் குலோத்துங்க சோழன் 1178 முதல் 1218 வரை ஆண்டான். சோழர் மாளிகை வெளியே இன்னும் பளபளக்கிறது, உள்ளே உத்தரம் அரித்துக்கொண்டிருக்கிறது. தகடூரில் விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் இருக்கிறான். போளூர் பக்கத்துத் திருமலையில் அவன் கல்வெட்டு உண்டு. தன் முன்னோன் எழினி செய்வித்த யட்சன், யட்சி என்னும் சமணக் காவல் தெய்வ உருவங்களைத் தான் புதுப்பித்ததாகச் சொல்கிறான். நூற்றாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் சேரர் குலத்து எழினியைத் தேடிப் பிடித்துத் தன் வம்சத்தில் சேர்த்து எழுதுகிறவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! (எங்கள் தொழிலில் இதை மூலப்பத்திரம் தேடுவது என்போம்.)

அதைவிடச் சுவையான சங்கதி, அந்தக் காலத்துச் சிற்றரசர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள். நிலைமைத் தீட்டு என்று பெயர். உன் பகைவன் எனக்கும் பகைவன், இன்னாரோடு நான் சேர மாட்டேன், மீறினால் எனக்கு இன்ன இழிவு வரட்டும் என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். விடுகாதழகிய பெருமாளும் செங்கம் பகுதித் தலைவன் ஒருவனோடு இப்படி எழுதிக்கொண்டவன்தான். நம்பிக்கை இருக்கும் இடத்தில் யாரும் எழுதி வாங்குவதில்லை, இது என் முப்பது ஆண்டு அனுபவம். கோயில் சுவர் முழுக்க ஒப்பந்தம் என்றால் ஊர் முழுக்கச் சந்தேகம் என்று அர்த்தம். உங்கள் தம்பதிக்கு இதைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்?

அவனையே வில்லனாக்க வேண்டாம். அவனுக்குக் கீழே, தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் சுங்கம் வாங்கும் ஒரு சின்னத் தலைவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் நடுவில் அந்தக் கணவாய். பொதி மாடு எதுவும் அதைத் தாண்டாமல் போக முடியாது. மனைவி வடக்கே கன்னடம் பேசும் வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். காவலர்கள் முன்னால் தமிழ், தங்களுக்குள் கன்னடம். ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் இன்றும் பிள்ளைகள் முன்னால் பணப் பேச்சு மட்டும் வேறு மொழிக்கு மாறும். அவள் பிறந்த வீடு கன்னட நாட்டை ஆண்ட ஒய்சளர் பக்கம் சாய்ந்தது என்றால் உங்களுக்கு இரண்டாம் பாகமும் கிடைத்துவிடும். அந்த நூற்றாண்டின் நடுவில் ஒய்சள நாடே இரண்டு மனைவியரின் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் பிரிந்தது. அவர்களில் இராமநாதன் பிற்பாடு நம் கிருஷ்ணகிரிச் சீமையின் குந்தாணியில் வந்து உட்கார்ந்தான்.

சரி, இவர்கள் என்ன செய்து மேலே வருகிறார்கள்? நீங்கள் 'கொலை மேல் கொலை' என்று எழுதியிருக்கிறீர்கள். கொலை சலித்துவிடும். இந்த மண்ணில் செல்வம் என்றால் மாடும் ஆடும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னார் தொறுக் கொண்டபோது, அதை மீட்டு இன்னான் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்புகள், காலடியில் கிண்டியும் சிமிழும். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு கல்லில், எசமான் இறந்த பிறகு கள்ளரைக் கடித்து நின்ற நாயின் பெயரைக்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள், கோவிவன் என்று. நாய்க்குக் கிடைத்த அந்த இடம் வீரனின் மனைவிக்குக் கிடைத்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெண் பெயர் வேண்டுமென்றால் கோயில் சுவருக்குப் போக வேண்டும். அங்கே "இன்னார் அகமுடையாள் இன்னாள் வைத்த திருநந்தா விளக்கு" என்று வரும். அகமுடையாள் என்றால் மனைவி. ஒரு விளக்கு அணையாமல் எரிய வழக்கமான கணக்கு தொண்ணூற்றாறு ஆடு. சாவா மூவாப் பேராடு என்பார்கள். செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டி சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதால் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள்.

இந்த இரண்டு கல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கல்லில் மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன். இன்னொரு கல்லில் தொண்ணூற்றாறு ஆடு தானம் கொடுத்த புண்ணியவதி. அந்த ஆடுகள் எங்கிருந்து வந்தன? உங்கள் முதல் அத்தியாயம் இதுதான். அவன் விடியற்காலையில் மந்தையோடு வருகிறான், மேலெல்லாம் புழுதி. அவள் பட்டி வாசலில் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆடாக எண்ணி உள்ளே விடுகிறாள். நூற்றிருபது. "தொண்ணூற்றாறு சாமிக்கு" என்கிறாள். மிச்சம் இருபத்து நான்கு எதற்கு என்று அவன் கேட்பதில்லை. கணக்கன் ஓலையை எடுக்கிறான்.

குற்ற உணர்வில் அழிகிறார்கள் என்ற முடிவை நான் நம்பவில்லை. ரகுநாதராவ் ஆங்கிலேயரோடு பேரம் முறிந்து 1783இல் செத்தார். ஆனந்திபாய் அதற்குப் பிறகும் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தாள். 'காப்பாற்றுங்கள்' என்ற குரல் ஊர்க்காரர் காதில்தான் கேட்கிறது பாருங்கள். என் மேசைக்கு வந்த தம்பதியும் இரண்டு வருடம் கழித்து மகளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுத வந்தார்கள். சாட்சியாக யாரைக் கூட்டி வந்திருந்தார்கள் தெரியுமா? அதே தங்கையை. இந்த முறை மையில் விரலை வைக்க அவளுக்கு யாரும் உதவ வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களைப் பிரிப்பது மனசாட்சி அல்ல, கணக்கு. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் தனிக்கணக்கு வைக்கத் தொடங்கும் நாள்தான் சரிவின் நாள். அதற்கும் கல்வெட்டிலேயே ஒரு சொல் இருக்கிறது. விளக்குத் தானத்தைச் சுவரில் வெட்டும்போது அவள் கணக்கனைத் தனியே கூப்பிட்டு, 'இன்னார் அகமுடையாள்' என்பதை எடுத்துவிட்டு 'இன்னார் மகள்' என்று தன் அப்பன் பெயரைப் போடச் சொல்கிறாள். ஒரு சொல்தான் மாறுகிறது. தானம் அதே தானம், ஆடு அதே ஆடு. கணவன் கோயிலுக்கு வந்து சுவரைப் படிக்கும் காட்சியை நீங்கள் எழுத வேண்டும். அவனுக்குப் படிக்கத் தெரியாது, கணக்கன்தான் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவு கெட்டவர்களோடு வாசகர் எதற்கு நானூறு பக்கம் வருவார் என்று பயப்படாதீர்கள். நம் ஊர்ப் பாரதக் கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். தருமன் வரும்போதுதான் பாதிப் பேர் டீ குடிக்கப் போவார்கள். படுகளத்தன்று மண்ணில் செய்து கிடத்திய அதே துரியோதனனுக்காக அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்க, கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். கெட்டவனுக்குக் கம்பீரம் கொடுத்து, அவன் மேல் உண்மையாகவே அன்பு வைத்த ஓர் ஆளையும் கொடுத்தால் சனம் வரும். உங்கள் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உண்மையான பிரியம் இருக்கட்டும். அதை மட்டும் பொய்யாக்கிவிடாதீர்கள்.

சின்னச் சின்னப் பிழைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் தலைவி களிக்கு மிளகாய் அரைக்கிறாள். 1200இல் மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளை, நிலக்கடலை, புகையிலை எதுவும் கிடையாது, எல்லாம் அமெரிக்கா கண்டத்திலிருந்து பின்னால் வந்தவை. கேழ்வரகு, கொள்ளு, புளி, எள் தாராளமாக எழுதலாம். 'துப்பாக்கி போல் வெடித்த சிரிப்பு' என்று ஓர் உவமை வேறு போட்டிருக்கிறீர்கள். கணக்கன் எங்கே துப்பாக்கியைப் பார்த்தான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாருங்கள். இந்தப் பக்கம் வேடியப்பன் கோயில் என்று நாம் கும்பிடும் பலவும் நடுகற்கள்தான். ஏரிக்கரையில் ஒன்று இருக்கிறது, அதில் எழுத்தும் உண்டு. பூசாரி எண்ணெய் பூசிப் பூசி மொழுக்கென்று ஆக்கி வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு, துணியால் துடைத்து, மாவைத் தடவினால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். மைதா ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள், தண்ணீர் நான் கொண்டு வருகிறேன். தேங்காயும் கற்பூரமும் மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் பூசாரி தொடவிட மாட்டார்.